மாமனாரைத் தெளிவாகக் காட்டிய கதை

ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் சில விஷயங்கள் மங்கலாகவே இருக்க வேண்டும். இது புரியாத மருமகனை எந்த வீட்டிலும் வாசற்படி தாண்ட விடக் கூடாது. என்னை விட்டார்கள். அதன் பலனை என் மாமனார் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாதிக் குற்றம் அதனுடையது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்கும்வரை என் வாயிலிருந்து வருவது இரண்டே கேள்விகள்தான். “தெரியுதா? இப்பத் தெரியுதா?” இதையே பதினைந்து வருடம் கேட்கிற ஒருவனுக்கு மண்டைக்குள் என்ன ஆகுமோ அது எனக்கும் ஆகிவிட்டது. எதைப் பார்த்தாலும் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்த வியாதி கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டு டிவிக்கும் தொற்றியது. எனக்குப் படக் கிறுக்கு உண்டு. ஆனால் கதைக் கிறுக்கோ நடிப்புக் கிறுக்கோ இல்லை. கதாநாயகன் செத்தால் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. அவர் செத்துக் கிடக்கிற இடத்தில் புல் பச்சையாகத் தெரிகிறதா, மரத்தடி நிழலுக்குள் இருக்கிற கல் தனியாகத் தெரிகிறதா என்பதுதான் என் கவலை. ஐம்பத்தைந்து இஞ்சு டிவி, ஐந்து ஸ்பீக்கர், அடிவயிற்றில் இடிக்கிற ஒரு பெட்டி என்று கூடத்தை நிரப்பி வைத்திருந்தேன். ஒரு படத்தை இரண்டு மணி நேரத்தில் நான் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. நிறுத்தி, பின்னால் போய், வண்ணத்தைக் கூட்டி, குறைத்து, மறுபடி நிறுத்துவேன்.

“நாம படம் பாக்குறோமா, இல்ல டிவிக்கு வைத்தியம் பாக்குறோமா?” என்று என் மனைவி பாத்திமா கேட்பாள். (நல்ல கேள்விதான். அப்போது எனக்கு அது பாராட்டு மாதிரி கேட்டது.)

பாத்திமாவுக்குப் பிறந்த வீடு கொடைக்கானலில், அட்டுவம்பட்டிப் பக்கம். மாமனார் பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கிறார். ஆனால் ஊருக்குள் அவர் பெயர் இன்னமும் ‘ஜீப் காதர்’தான். இளவயதில் ஜீப் ஓட்டினார். சினிமாக்காரர்கள் மலைக்கு வந்தால் இவர் வண்டியைத்தான் கேட்பார்களாம். அப்படி எடுத்த ஒரு பழைய சண்டைப் படத்தில் இவரும் இருக்கிறார்.

படத்தின் பெயர் வேண்டாம். கொள்ளைக்கூட்டம், எஸ்டேட் முதலாளி, முதலாளியின் மகள், குதிரை, வெடிகுண்டு எல்லாம் உண்டு. கடைசியில் ஒரு ஜீப் சண்டை. வடகவுஞ்சிப் பக்கத்து மலைவளைவில், கதாநாயகி மஞ்சள் சேலையோடு ஜீப்பை ஓட்ட, பானெட் மேல் கதாநாயகனும் வில்லனும் கட்டிப் புரள்வார்கள்.

“பானெட் மேல நிக்கிறது நாந்தேன்,” என்பார் மாமனார். “ஹீரோ பயந்துட்டாப்ல. கீழ பாத்தா அதலபாதாளம். டைரக்டர் என் கையப் புடிச்சு, ‘காதரு, நீதேன் மானத்தக் காப்பாத்தணும்’னாரு.”

இதற்கு ஆதாரம் ஒரு வீடியோ கேசட். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நகலுக்கு நகல் எடுத்த கேசட். போதாக்குறைக்குக் கொடைக்கானல் ஈரம். அந்த ஊரில் ஒரு மாதம் சும்மா வைத்தால் செருப்பிலேயே பூசணம் பூக்கும், கேசட்டை விடுமா? மாமியார் அதைப் பீரோவில் அந்துருண்டையோடு வைத்திருப்பார். பழைய வீடியோ டெக்கின் தலையில் மாமனார் இரண்டு தட்டு தட்டினால் படம் வரும். படம் என்றால், ஒரு நடுக்கம். முகமெல்லாம் செங்கல் நிறம். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மேலும் கீழும் உலாவும். சத்தமோ, அண்டாவுக்குள் யாரோ புளியங்கொட்டையைக் குலுக்குகிற மாதிரி இருக்கும். ஜீப் சண்டையில் தெரிவது மூன்று மூட்டைகள். மஞ்சள் மூட்டை கதாநாயகி. பழுப்பு மூட்டைகள் இரண்டில் எது அடிக்கிறதோ அது மாமனார், எது வாங்குகிறதோ அது வில்லன்.

அந்த வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் கேசட் ஓடும். ஜீப் வந்ததும் எல்லோரும் கை தட்ட வேண்டும். மாமனார் பாதி எழுந்து, நெஞ்சில் கை வைத்து உட்காருவார். அதன் பிறகுதான் சமோசாவும் டீயும் வரும். அதற்கு ‘ஜீப் டீ’ என்றே பெயர். ஜீப்புக்கு முன்னால் அந்த வீட்டில் யாருக்கும் டீ கிடைத்ததில்லை. நான் பெண் பார்க்கப் போன அன்று எனக்கும் அதே சட்டம்தான். குளிரில் பல் அடித்துக்கொண்டு, ஒரு பழுப்பு மூட்டைக்குக் கை தட்டிவிட்டுத்தான் பாத்திமாவைப் பார்த்தேன்.

இப்போது சேலைக் கதைக்கு வருகிறேன். அது இல்லாமல் இது புரியாது.

மாமியாருக்குக் கல்யாணமான வருடம், முதல் பெருநாளுக்கு அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். நல்ல மஞ்சள், பச்சைக் கரையில் மாங்காய்ப் பூ. ரோஜாச் செடியில் மாட்டி முந்தானை ஓரத்தில் ஒரு கிழிசல் விழ, மஞ்சள் நூல் கிடைக்காமல் சிவப்பு நூலால் தைத்திருந்தார். கொஞ்ச நாளில் அந்தச் சேலை காணாமல் போனது. அதே நாளில் மாமனாரின் தங்கை பழனியிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போயிருந்தார். (பெயர் மைமூன். எங்களுக்கெல்லாம் பழனி மாமி.)

மாமியார் நேராக ஒன்றும் சொல்லவில்லை. “சில பேரு வந்துட்டுப் போனா பீரோவுக்குப் பூட்டுப் போடணும் போல,” என்று பொதுவாகச் சொன்னார். பழனி மாமியும் லேசுப்பட்டவர் இல்லை. அன்று முதல் அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் பையை நடுக்கூடத்தில் கவிழ்த்து, உதறி, “பாத்துக்கங்க மதினி, எல்லாம் என் சாமான்தேன்,” என்று காட்டிவிட்டுத்தான் படி இறங்குவார். சீப்பு, பவுடர் டப்பா, மாத்திரை எல்லாம் தரையில் உருளும். முப்பத்தைந்து வருடம். மாமனார் ஓரமாக நின்று மேலே விட்டத்தைப் பார்ப்பார்.

இந்த லட்சணத்தில், பழனி மாமியின் மகன் அசாருக்கும் என் கொழுந்தியா ரிஸ்வானாவுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. முறைப் பையன்தான், நல்ல வேலைதான், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மாமியாரைத் தவிர. “சேலைய எடுத்தவ வீட்டுக்கு என் புள்ளையக் குடுக்கவா? என் சேல என் கண்ணு முன்னால வரட்டும், அப்பப் பேசலாம்,” என்று சொல்லிவிட்டார். இல்லாத சேலை எங்கிருந்து வரும்? ரிஸ்வானா போனில் அழுதாள்.

“மச்சான், ஞாயித்துக்கெழம பழனி மாமி பொண்ணு கேட்டு வர்றாங்க. இந்தத் தடவையும் அம்மா மூஞ்சிய முறிச்சா அவ்வளவுதேன், இனி வரமாட்டாங்களாம். எப்பிடியாச்சும் அம்மா மனசக் குளிர வைங்க.”

பின்னாலேயே மாமனார் போனை வாங்கினார். “மாப்ள, படத்தப் போட்டுருவோம். எல்லாரும் சிரிச்சு, கை தட்டி, டீ குடிச்சுட்டம்னா ஒரு எளக்கம் வந்துரும். ஆனா டெக்கு படுத்துருச்சு. நீங்க ஒரு வழி பண்ணுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏனென்றால் அந்தப் படத்தின் பழைய நெகட்டிவைத் தேடிப் பிடித்து, கீறல் நீக்கி, தூசி துடைத்து, ஒலியைப் புதிதாகப் பிரித்து ஒரு டிஸ்க் போட்டிருந்தார்கள். அது போன வாரம்தான் என் கைக்கு வந்திருந்தது. மாமனாருக்கு இன்ப அதிர்ச்சி தர வேண்டுமென்று பிரிக்காமல் வைத்திருந்தேன். (இன்பத்தை விட்டுவிடுங்கள்.) நான் ஒரு தடவை முன்னாடியே போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

“மாமா, நான் கொண்டு வர்ற படத்துல ஒங்க சட்டைப் பட்டன எண்ணலாம்,” என்றேன்.

“அப்பிடியா!” என்றார் மாமனார், சந்தோஷமாக. படம் எடுத்ததே அப்படி மங்கலாகத்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

சும்மா இருக்க முடியாமல் நான் இன்னொரு காரியமும் செய்தேன். மாமியார் மனசைக் குளிர வைக்க வேண்டுமே? அவருக்குத் தூரப் பார்வையும் மங்கி, வெள்ளெழுத்தும் வந்து பல வருடம் ஆகிறது. பழைய கண்ணாடியில் கீறல் விழுந்து, அதன் வழியாகப் பார்த்தால் சூரியனே மேகமூட்டமாகத் தெரியும். அவர் அளவு என் கடையில் இருந்தது. உயர்ந்த லென்சாகப் போட்டு, நல்ல பிரேமில் மாட்டி ஒரு கண்ணாடி தயார் செய்தேன்.

ஞாயிறு வெள்ளனே, கேரட் இறக்கிவிட்டுக் காலியாக மலையேறுகிற ஒரு காய்கறி வேனைப் பிடித்தேன். டிவி, ஐந்து ஸ்பீக்கர், அடிவயிற்றுப் பெட்டி, பாத்திமா, நான். வளைவுக்கு வளைவு டிவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். “ஒரு கையால என்னையும் புடிச்சுக்கிட்டாத் தேவல,” என்றாள் பாத்திமா.

பத்து மணிக்கெல்லாம் கூடத்தில் கடை பரப்பிவிட்டேன். முன்னால் மூன்று ஸ்பீக்கர். பின்னால் ஒன்று ஃப்ரிட்ஜ் மேல், ஒன்று சன்னல் திட்டில். மாமியாருக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டு வழக்கம்போலக் கேட்டேன், “தெரியுதா மாமி?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். “அல்லாவே! செவுத்துல இம்புட்டு ஒட்டடையா கெடக்கு? ரிஸ்வானா, என்னாடி வீடு கூட்டுற நீ?” என்றார். முதல் பலி ரிஸ்வானா. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

பதினொரு மணிக்குப் பழனி மாமி மலைவாழைப்பழச் சீப்புகளோடு வந்து இறங்கினார். இருவரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள். மாமியார் சோபாவின் இந்த ஓரம், பழனி மாமி அந்த ஓரம். நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடமும் முப்பத்தைந்து வருடமும். பழனி மாமி கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், மீசையை முறுக்கி, டிவிக்கு நேர் எதிரே. ரிஸ்வானா அடுக்களை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சன்னல் வழியாக மஞ்சு, மலைப் பனிமூட்டம், உள்ளே வந்தது. “சன்னலைச் சாத்துங்க, படம் மங்கும்!” என்று கத்தினேன். (மஞ்சை உள்ளே விட்டிருக்கலாம்.)

படம் ஓட ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, அற்புதம். எஸ்டேட் தேயிலையில் பனித்துளி தெரிந்தது. கதாநாயகனின் விக் எங்கே முடிந்து நெற்றி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது. “இந்தாளு இம்புட்டு வயசானவரா?” என்று பழனி மாமி திகைத்தார். மாமியார் சிரிப்பை அடக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் நிறுத்தி விளக்கினேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஜீப் ஹாரன் கேட்டதும் மாமியார் முக்காட்டை இழுத்துக்கொண்டு, “வாசல்ல வண்டி வந்து நிக்கிது பாரு,” என்று எழுந்தே விட்டார். உட்கார வைத்தோம். பழனி மாமி, “மதினி, நானும் அப்பிடித்தேன் நெனச்சேன்,” என்றார். இருவரும் ஒரே பேச்சில் சேர்ந்தது அதுவே முதல் தடவை என்று பாத்திமா என் காதில் சொன்னாள். இளக்கம் வந்துகொண்டிருந்தது. நான் ஒருவன் வாயையும் ரிமோட்டையும் மூடிவைத்திருந்தால் போதும்.

ஜீப் வளைவில் திரும்பியது. எல்லோரும் கையைத் தட்டத் தயாராகத் தூக்கினார்கள். சரியாக அந்த நொடியில் நான் நிறுத்தினேன்.

“இப்பப் பாருங்க மாமாவ!”

பானெட் மேல் இரண்டு பேர். தாடியோடு ஒருவன், வில்லன். கட்டம் போட்ட சட்டையில் இன்னொருவன். ஒல்லி. பூனைக் கண். மேல்வரிசையில் ஒரு தங்கப்பல் பளிச்சென்று மின்னியது. தூக்கிய கைகள் எல்லாம் அப்படியே அந்தரத்தில் நின்றன.

“இது யாருண்ணே?” என்றார் பழனி மாமி.

“நாந்தேன்,” என்றார் மாமனார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“கண்ணு பச்சையா இருக்கு?”

“வெயிலு.”

“பல்லு?”

“அதுவும் வெயிலுதேன்.”

நாலு காசு புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் கரண்டு போய்விட்டதாகச் சொல்லி மெயினை இறக்கியிருப்பான். எனக்கோ மாமனாரைக் காப்பாற்ற வேண்டும் என்ற வெறி. அடுத்த காட்சித் துண்டில் கண்டிப்பாக அவர் இருப்பார் என்று நம்பி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். ஜீப் நம்மை நோக்கி வந்தது. காற்று அடித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கதாநாயகியின் முகத்தை மூடியிருந்த முந்தானை விலகியது.

கதாநாயகிக்கு மீசை இருந்தது.

சாதா மீசை இல்லை. முறுக்கிய மீசை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே மீசை, கறுப்பு நிறத்தில்.

பதற்றத்தில் என் விரல் ஓடவிடும் பட்டனில் பட்டது. கேசட்டில் இத்தனை வருடமாகப் புளியங்கொட்டைச் சத்தத்தில் மூழ்கிக் கிடந்த வில்லனின் வசனம், நடு ஸ்பீக்கரிலிருந்து மணி மணியாக வந்தது. “ஏ பொண்ணே! வண்டிய நிறுத்து! பொம்பளையாச்சேன்னு பாக்குறேன்!”

“அத்தா!” என்று ரிஸ்வானா கத்தினாள். அவ்வளவுதான். பாத்திமா சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழனி மாமி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினார். “ஏண்ணே, சேல கட்டுனதுதேன் கட்டுன, மீசைய எடுத்துட்டுக் கட்டக் கூடாதா?”

“மீசைய எடுக்க மாட்டேன்னுட்டேன்,” என்றார் மாமனார் ரோஷமாக. “மனுசனுக்கு மானம் வேணாமா? முந்தானைய வச்சு மூடிக்கிறேன்னேன். தூரத்துல இருந்து எடுக்குறோம், ஒண்ணும் தெரியாதுன்னாங்க. தெரியலதேன், இத்தன வருசமா!” என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நானும் சிரித்தேன். அசடுதானே, சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். என் கடைக் கண்ணாடியைப் போட்டிருந்தவர்.

“மாப்ள,” என்றார் மாமியார். “கொஞ்சம் பின்னால போங்க. முந்தானை பறக்குதுல்ல, அங்க நிறுத்துங்க.”

அப்போதும் நேரம் இருந்தது. டிஸ்க் சிக்கிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு கஸ்டமர் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்கிறார். பதினைந்து வருடப் பழக்கம். பின்னால் போனேன், நிறுத்தினேன், பெரிதாக்கினேன். மஞ்சள் முந்தானை திரை முழுக்க விரிந்தது. பச்சைக் கரையில் மாங்காய்ப் பூ. என் நாக்கு என்னைக் கேட்காமலே கேட்டது.

“இப்பத் தெரியுதா மாமி?”

“தெரியுது,” என்றார். எழுந்து டிவி அருகே போனார். ஓரத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். அங்கே, மஞ்சளில், அரை விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் தையல்.

“இது என் சேல.”

கூடம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் ஒரு துளி இரைச்சல்கூட இல்லை. அவ்வளவு நல்ல ஸ்பீக்கர்.

மாமனார் வாய் குழற ஆரம்பித்தார். நடிகைக்கு வண்டி ஓட்டத் தெரியாததால் இவரைச் சேலை கட்டி ஓட்டச் சொன்னார்களாம். மாற்றுச் சேலை இருந்த பெட்டி, கீழே லாரியோடு நின்றுபோனதாம். மஞ்சள் சேலை யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார்களாம். “ஒரு மணி நேரத்துல திருப்பி வச்சுரலாம்னு எடுத்துட்டுப் போனேன். கடைசியில சக்கரத்துல மாட்டி நார் நாரா வந்துருச்சு. பயந்துபோயி பள்ளத்துல வீசிட்டேன். வெரசா வீட்டுக்கு வந்து சொல்லிருவோம்னுதேன் வந்தேன். வந்தா, நீ மைமூனப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க. நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சேன். அந்த நாளை வரவே இல்ல.”

“அப்ப பானெட் மேல நின்னது?” என்றாள் பாத்திமா.

“அன்னைக்கு ஷூட்டிங்குக்கு நான் போறத பக்கத்து வீட்டுக்காரன் பாத்துட்டான். என்னா வேசம்னு கேட்டான். சேல கட்டுனேன்னா சொல்ல முடியும்?”

பழனி மாமியின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“அண்ணே, ஒவ்வொரு தடவையும் இந்தக் கூடத்துல பையக் கவுத்துக் காட்டிட்டுப் போவேன். நீ அந்தா அங்க நின்னு பாத்துக்கிட்டே இருப்ப. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நின்னுருக்க.”

பழனி மாமி அழுதார். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் தெளிவு தெளிவு என்று ஆசைப்பட்டதில் ஒரு மனுஷியின் முப்பத்தைந்து வருட அவமானமும் அந்தத் திரையில் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. ரிஸ்வானா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் போச்சு என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

மாமியார் அடுக்களைக்குள் போனார். கண்ணாடி டம்ளர் சத்தம் கேட்டது. ஜீப் டீ. அந்த வீட்டுச் சட்டப்படி முதல் டம்ளர் மாமனாருக்கு. அவரும் பழக்கத்தில் கையை நீட்டினார். மாமியார் அந்தக் கையைத் தாண்டிப் போய், பழனி மாமிக்கு முன்னால் நின்றார்.

“மைமூனு, நான் பேசுனது தப்பு. நேராக் கேட்டிருந்தா நீ நேராப் பதில் சொல்லியிருப்ப. கேக்காம சாடையாவே பேசுனேன் பாரு, அதுதேன் பெரிய தப்பு. என்னைய மன்னிச்சிரு.”

மாமியார் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பின்னாலும் பார்த்ததில்லை. பழனி மாமி டம்ளரை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். கண்ணைத் துடைத்தார்.

“உக்காருங்க மதினி. டீ ஆறுது,” என்றார். பிறகு, “பொண்ணக் குடுக்குறீங்களா இல்லியா? அதச் சொல்லுங்க,” என்றார்.

மாமியார் யோசிப்பது போல இழுத்தார். ரிஸ்வானாவால் தாங்க முடியவில்லை. “அம்மா, சேல ஒன் கண்ணு முன்னால வரட்டும்னு சொன்னீல்ல? அம்பத்தஞ்சு இஞ்சுல வந்து நிக்கிது, நல்லாப் பாத்துக்க!” என்றாள்.

திரையில் மஞ்சள் முந்தானை அப்படியே நின்றது. மாமியார் அதைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். அதன் பிறகு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிவிட்டது. “கூட்டிட்டுப் போ. ஆனா ஒன் அண்ணன மட்டும் இங்க விட்டுட்டுப் போ, எனக்கு அவருகிட்ட சோலி இருக்கு,” என்றார். மாமனாருக்கு டீ கடைசியாகத்தான் கிடைத்தது. ஆறிப்போய்.

சாயங்காலம் பழனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பழனி மாமி பழக்க தோஷத்தில் நடுக்கூடத்தில் நின்று பை ஜிப்பில் கை வைத்தார். மாமியார் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

“கவுத்துன, கைய ஒடிச்சிருவேன்.”

பீரோவைத் திறந்தார். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையை, இரண்டு தடவைக்கு மேல் கட்டாத ஊதாச் சேலையை எடுத்து அந்தப் பைக்குள் திணித்தார். “இந்தா. இத நெசமாவே எடுத்துட்டுப் போ,” என்றார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுததில் பழனி பஸ் போய்விட்டது. மாமனாரே ஜீப் பிடித்து வந்து தங்கையைப் பழனிவரை கொண்டுபோய் விட்டார். வடகவுஞ்சி வளைவில் வண்டியை நிறுத்தி, பள்ளத்தைக் காட்டி, “இங்கதேன் வீசினேன்,” என்றாராம். “எறங்கித் தேடு,” என்றாராம் பழனி மாமி.

மாமனார் நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. நாற்பத்தோராம் நாள் போன் செய்து, “மாப்ள, ஒங்களுக்கு வத்தலக்குண்டுல சோலி ஒண்ணுமே இல்லியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ராசியாகிவிட்டோம் என்று பாத்திமா சொன்னாள்.

உண்மையைச் சொன்னால், அவர் சொன்ன பொய்யைவிட அவர் செய்த வேலைதான் பெரிது. முன்னால் இரண்டு பேர் பானெட் மேல் பாதையை மறைத்துக்கொண்டு புரள, ஒரு கையால் முந்தானையை மீசைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த வளைவில் ஜீப்பைத் திருப்பியிருக்கிறார். இதை நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிவிட்டேன். “நீங்க எனக்காகப் பேசவே வேணாம்,” என்கிறார்.

மாமியார் அந்த நிறுத்திய பிரேமைப் படமாகப் போட்டு வாங்கி, பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். “என் சேலைக்கு இருக்குற ஒரே போட்டோ இதுதேன்,” என்கிறார். வெளியே கிளம்புகிற நாளெல்லாம் பீரோ திறக்கும், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும், மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் யாராவது எதையாவது மறைத்தால், குழந்தை முட்டாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்தால்கூட, நாலு பக்கமிருந்தும் ஒரே குரல்தான்: “தெரியுதா? இப்பத் தெரியுதா?” ரிமோட்டை மட்டும் என் கையில் கொடுப்பதில்லை.

ரிஸ்வானா கல்யாணம் பழனியில் ஜாம் ஜாமென்று நடந்தது. பழனி மாமி அந்த ஊதாச் சேலையைக் கட்டியிருந்தார். நிக்காஹ் தொடங்குவதற்கு முன்னால் வீடியோக்காரர் காமிராவோடு மாமனாரிடம் வந்து, “பாய், ஃபோர் கே-ல எடுத்துரவா? ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியும்,” என்று பெருமையாகக் கேட்டார்.

மாமனார் முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டார்.

“வேணாம் தம்பி. கொஞ்சம் மங்கலாவே எடுங்க,” என்றார். “நாளைக்கு இந்தப் புள்ளைக்கும் ஒரு மருமகன் வருவான்.”